மிஸ்டர் டிரையும் அவர் முதுகுக்குப் பின்னால் போன பெண்ணும்: அமெரிக்க மதுவிலக்கு கார்ட்டூன்கள் பற்றி

கேள்வி (ஒரு வாசகர்), பிப்ரவரி 9

அமெரிக்காவில் நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது, அதைக் கார்ட்டூன் போட்டே காலி பண்ணிட்டாங்க என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா? யார் வரைந்தார்கள், என்ன வரைந்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

கார்ட்டூனால் சட்டம் விழவில்லை. 1929-ல் பங்குச் சந்தை சரிந்து, வேலையில்லாதவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிறகுதான் அந்த மதுவிலக்கு ஆட்டம் கண்டது. அரசுக்கு வரி வேண்டும், ஆட்களுக்கு வேலை வேண்டும், சாராய ஆலையைத் திறந்தால் இரண்டும் கிடைக்கும் என்ற பேச்சு அப்போது எடுபட்டது. ஆனால் அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற மனநிலைக்கு ஊரைக் கொண்டுவந்ததில் கார்ட்டூன்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதிலும் முக்கியமாக ஒருவருக்கு: ராலின் கிர்பி. நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வரைந்தவர். 1922-ல் கார்ட்டூனுக்கு முதல்முதலாகப் புலிட்சர் பரிசு கொடுத்தபோது அதை வாங்கியவர் இவர்தான். 1925, 1929 என்று மேலும் இரண்டு முறை வாங்கினார்.

நாடு முழுக்க மதுவைத் தடை செய்த 18-வது அரசியல் சட்டத் திருத்தம் 1920 ஜனவரி 17-ல் அமலுக்கு வந்தது. அந்த மாதமே கிர்பி ஒரு ஆளைப் பிறப்பித்தார். பெயர் மிஸ்டர் டிரை. அந்தக் காலத்து அமெரிக்காவில் மதுவிலக்கு ஆதரவாளர்களை டிரை என்றும் எதிர்ப்பாளர்களை வெட் என்றும் சொல்வார்கள். மிஸ்டர் டிரை ஒல்லி, நெட்டை. உயரமான கறுப்புத் தொப்பி, முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு, நீண்ட மூக்கு, கையில் குடை. உலகத்தில் யார் எங்கே சந்தோஷமாக இருந்தாலும் பொறுக்காத முகம். சட்டம் ஓடிய காலம் முழுக்க அந்த ஆள் மறுபடி மறுபடி வந்தார்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

வரைகிற கை என்பதால் முதலில் படத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். கிர்பி மெழுகுக் கட்டி போன்ற கிரேயானால் வரைவார். நியூஸ்பிரிண்ட் தாளில் மெல்லிய கோடுகள் உடைந்துபோகும், கிரேயானின் கனத்த கறுப்பு மட்டும் அப்படியே நிற்கும். மிஸ்டர் டிரையின் கோட்டும் தொப்பியும் முழுக் கறுப்பு. பத்திரிகையைப் புரட்டும்போது கண் நேராக அங்கே போய் விழும். ஒரு மாதம் பார்த்தவன் அடுத்த மாதம் தலைப்பைப் படிக்கவே வேண்டாம், தொப்பியைப் பார்த்தாலே போதும்.

அதுதான் சூட்சுமம். மதுவிலக்கு என்பது ஒரு சட்டப் பிரிவு. சட்டப் பிரிவைப் பார்த்துச் சிரிக்க முடியாது, கோபப்படக்கூட முடியாது. கிர்பி அதற்கு ஒரு மூஞ்சி கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு நூற்றாண்டாகச் சிரிப்புக்கு ஆளானவன் குடிகாரன். 1920-க்கு அப்புறம் சிரிப்புக்கு ஆளானவர் குடியைத் தடுக்கிறவர். இத்தனை பெரிய இடமாற்றத்தை ஒரு தொப்பியும் குடையும் செய்தன.

பிப்ரவரி 10, பின்னிரவு

இன்னொன்று. குடியை நல்லது என்று சொல்லும் படங்களை கிர்பி அவ்வளவாக நம்பியிருக்கவில்லை. அவர் அடித்தது தடுப்பவரின் போலித்தனத்தை. அதற்குத் தீனி வாஷிங்டனிலேயே குவிந்து கிடந்தது. அதிபர் ஹார்டிங் செனட்டராக இருந்தபோது 18-வது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர். வெள்ளை மாளிகைக்குப் போன பிறகு சீட்டாட்ட நண்பர்களுக்கு விஸ்கி ஊற்றினார். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சரக்கு கொண்டுவந்து கொடுத்தவர் ஜார்ஜ் கேசிடி. 1925-ல் பிரதிநிதிகள் சபை அலுவலகக் கட்டடத்தில் பிடிபட்டபோது பச்சைத் தொப்பி போட்டிருந்ததால் பச்சைத் தொப்பிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்புறமும் விடவில்லை, செனட் பக்கம் போய் வியாபாரத்தைத் தொடர்ந்தார். 1930-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் தன் கதையைத் தானே தொடராகவும் எழுதினார். சட்டம் போட்டவர்களின் மேசை இழுப்பறையிலேயே புட்டி இருக்கும்போது கார்ட்டூன்காரன் கற்பனை செய்ய என்ன மிச்சம்?

பிப்ரவரி 12

"மதுவிலக்கைக் கொண்டுவந்ததே பெண்கள் ஓட்டுதானே, அதனால்தான் ஆண்கள் கார்ட்டூன் போட்டுப் பழிவாங்கினார்கள்" என்று ஒரு தம்பி கீழே எழுதியிருக்கிறார். தம்பி, வருஷத்தைப் பாருங்கள். 18-வது திருத்தத்தை நாடாளுமன்றம் 1917 டிசம்பரில் நிறைவேற்றியது, போதுமான மாநிலங்கள் 1919 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டன. நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19-வது திருத்தம் 1920 ஆகஸ்டில்தான் வந்தது. சில மாநிலங்களில் பெண்களுக்கு முன்பே ஓட்டு இருந்தது, உண்மை. ஆனால் கை தூக்கிச் சட்டம் போட்ட சபைகளில் அநேகமாக எல்லோரும் ஆண்கள்.

இயக்கத்தை நடத்தியதில் பெண்கள் முன்னால் நின்றார்கள் என்பது வேறு விஷயம். 1873 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்து ஹில்ஸ்பரோவில் பெண்கள் மதுக்கடை வாசலில் மண்டியிட்டு ஜெபம் செய்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. மறுவருஷம் கரியர் அண்ட் ஐவ்ஸ் அச்சகம் அதைப் படமாகப் போட்டு விற்றது. படத்தில் ஜெபம் இல்லை. கவசம் அணிந்த பெண் குதிரைமேல் வருகிறாள், கோடாலியை ஓங்கிப் பீப்பாய்களைப் பிளக்கிறாள். பின்னால் அதே மாதிரி இன்னும் பல பெண்கள். கேலிப்படம் அல்ல அது, ஆதரவுப் படம். ஆதரவுப் படத்திலேயே மண்டியிட்ட பெண் கோடாலிக்காரியாகிவிட்டாள். பார்க்கிறவனுக்குக் கோடாலி பிடித்திருக்கிறது, ஜெபம் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 12, மாலை

கோடாலி என்றதும் கேரி நேஷன் ஞாபகம் வராமல் இருக்காது. கான்சாஸ் மாநிலத்தில் 1881-லிருந்தே மதுவிலக்கு. ஆனால் மதுக்கடைகள் பகிரங்கமாக நடந்தன. 1900-ல் அந்த அம்மா கியோவா என்ற ஊரில் கற்களால் கடைகளை நொறுக்கினார். அந்த வருஷக் கடைசியில் விச்சிட்டாவில் ஒரு பெரிய ஓட்டலின் பாரை உடைத்துச் சிறைக்குப் போனார். கைக்கோடாலி அவருடைய அடையாளமாகிவிட்டது. அபராதம் கட்டுவதற்காகக் குட்டிக் கோடாலி ஊசிகளை விற்றார். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் காலத்துக் கேலிப்படங்களில் அவர் முறைத்த முகமும் ஓங்கிய கையுமாக ஒரு பூதம் போல நிற்பார்.

அவருடைய முதல் கணவர் சார்ல்ஸ் குளோய்ட் ஒரு டாக்டர். குடித்தே இறந்தவர். மணமான கொஞ்ச நாளிலேயே கேரி அவரை விட்டு வந்துவிட்டார், வயிற்றில் பிள்ளையோடு. அந்த டாக்டர் எந்தக் கார்ட்டூனிலாவது இருக்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். நான் பார்த்த படங்கள் ஒன்றிலும் இல்லை. கோடாலி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மதுவைப் பற்றிய படங்களில் யாரை வரைந்தார்கள் என்பதைவிட யாரைச் சட்டத்துக்கு வெளியே விட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13

சட்டம் என்றால் நான் சொன்னது படச் சட்டம். ஒருவர் கேட்டிருந்தார்.

பிப்ரவரி 15

பழைய படங்களுக்குப் போவோம், ஏனென்றால் மிஸ்டர் டிரை எதை ஓரம் கட்டினார் என்று அங்கேதான் தெரியும்.

1846-ல் நத்தேனியல் கரியர் வெளியிட்ட கல்லச்சுப் படம் ஒன்று, குடிகாரனின் பயணம் பற்றியது. வளைவு மாதிரி ஏறி இறங்கும் ஒன்பது படிகள். முதல் படியில் நண்பனோடு ஒரு கிளாஸ். இரண்டாவதில் குளிருக்கு ஒரு கிளாஸ். மூன்றாவதில் அளவு மீறி ஒன்று. உச்சிப் படியில் கூட்டாளிகளோடு கும்மாளம். அப்புறம் இறக்கம்: வறுமை, நோய், நண்பர்கள் கைவிடுவது, குற்றம். கடைசிப் படியில் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறான். எல்லோரும் படிகளைத்தான் பார்ப்பார்கள். வளைவுக்குக் கீழே கண்ணைக் கொண்டுபோங்கள். ஒரு பெண் அழுதுகொண்டு இருக்கிறாள், பக்கத்தில் குழந்தை. ஒன்பது ஆண்கள் மேலே ஏறி இறங்க, அந்த மொத்தப் பளுவும் அவள் தலைக்கு மேல் நிற்கிறது.

மறுவருஷம் 1847-ல் லண்டனில் ஜார்ஜ் குரூக்ஷாங்க் எட்டுப் படங்கள் கொண்ட வரிசை ஒன்றைப் போட்டார். பெயர் 'புட்டி'. முதல் படத்தில் நல்ல குடும்பம், கணவன் மனைவியைப் பார்த்து ஒரே ஒரு சொட்டு குடி என்று நீட்டுகிறான். மூன்றாவது படத்தில் கடனுக்காக ஜப்தி, ஆட்கள் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். புட்டி மட்டும் கணவன் மனைவி கையிலேயே இருக்கிறது. ஏழாவதில் அதே புட்டியால் மனைவியைக் கொல்கிறான். எட்டாவதில் அவன் பைத்தியக்கார விடுதியில். குரூக்ஷாங்க்கின் அப்பாவும் கார்ட்டூனிஸ்ட். குடித்தே செத்தார் என்பார்கள். மகனும் நன்றாகக் குடித்தவர்தான். இந்த வரிசையை வரைந்து முடித்த பிறகு அடியோடு நிறுத்திவிட்டார், மிச்ச வாழ்நாளெல்லாம் மதுவிலக்கு மேடைகளில் பேசினார். தன் படத்துக்குத் தானே முதல் வாசகர் ஆனவர்.

பிப்ரவரி 15, இரவு

ஆங்கில ஓவியர் ஹோகார்த் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: சொல்லலாம். 1751-ல் 'ஜின் சந்து', 'பீர் தெரு' என்று ஜோடிப் படங்கள், ஒன்று ஒரு ஷில்லிங். ஜின் சந்தில் போதையில் உட்கார்ந்திருக்கும் தாய் மூக்குப்பொடியை எடுக்கிறாள், கையிலிருந்த குழந்தை கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தலைகீழாக விழுகிறது. பீர் தெருவில் எல்லோரும் கொழுத்துச் செழித்து வேலை செய்கிறார்கள். அதாவது அவர் மதுவுக்கு எதிரி அல்ல, ஏழைகள் குடித்த மலிவு ஜின்னுக்கு எதிரி. ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதே 1751-ல் வந்தது. யார் குடிப்பதைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 18

இப்போது என் கதை கொஞ்சம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். படம் வரைவேன் என்பதால் சார்ட்டு எழுதும் வேலை என் தலையில். சாராயம் பற்றி ஒரு பாடத்துக்கு ஒரு சார்ட்டு போட்டேன். வேட்டி அவிழ்ந்து சாக்கடையோரம் விழுந்து கிடக்கும் ஆள், வாயைச் சுற்றி ஈ, பக்கத்தில் நாய். ராத்திரி வகுப்பில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதை மாட்டினேன். ஓரமாக நின்ற ஆண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் அப்போதே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, இந்த ஆளை நாங்க தெனம் பாக்கறோம். இதுல படிக்க என்ன இருக்கு? அடகுக் கடைக்குப் போன குடத்தப் போடு" என்றது. பித்தளைக் குடம். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது. மறுநாள் வேறு சார்ட்டு போட்டேன்: அடகுக் கடைக் கம்பி, உள்ளே அலமாரியில் வரிசையாகக் குடங்கள், வெளியே ஒரு பெண்ணின் முதுகு. ஆள் கிடையாது, புட்டி கிடையாது. வகுப்பு முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் போகவில்லை. எந்தக் குடம் யாருடையது என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

குரூக்ஷாங்க்கின் ஜப்திப் படத்தை நான் பார்த்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து. லண்டனில் 1847-ல் தூக்கிக்கொண்டு போன மேசையும் எங்கள் பக்கத்து அடகுக் கடைக் குடமும் ஒன்றுதான். பார்த்ததும் அந்த அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19

ஆந்திராவின் நெல்லூரில் பெண்கள் நடத்திய சாராய எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஒரு தோழர் எழுதியிருக்கிறார், நன்றி. ஆமாம், அங்கேயும் எழுத்தறிவு இயக்கம்தான் தொடக்கம். பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை, குடிகாரக் கணவனோடு அவள் பட்ட பாடு. அதைப் படித்த தூபகுண்டா ஊர்ப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-ல் மாவட்டம் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஈநாடு நாளிதழ் போராட்டத்துக்கென்று பக்கமே ஒதுக்கியது. ஆந்திராவில் 1993-ல் சாராயத்துக்குத் தடை, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு, 1997-ல் அது தளர்த்தப்பட்டது. ஐந்தே வருஷத்தில் ஏறியதும் இறங்கியதும் நடந்துவிட்டன.

ஆனால் அது மாநில அளவில். கேள்வி நாடு தழுவிய தடை பற்றியது என்பதால் அமெரிக்காவுக்கே திரும்புகிறேன்.

பிப்ரவரி 21

மிஸ்டர் டிரை ஏன் ஆண்? இரண்டு நாளாக இதுதான் ஓடுகிறது.

பிப்ரவரி 10-ல் அவரைப் பற்றி எழுதியபோது கிர்பியின் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் பார்த்தேன். 15-ல் எழுதியதைப் பார்த்தால் வளைவுக்கடியில் அழுத பெண்ணை அவர் மறைத்துவிட்டார் என்ற வருத்தம்தான் வருகிறது. இன்று வேறொன்றும் தோன்றுகிறது. கிர்பிக்கு முன்னால் மதுவிலக்கைக் கேலி செய்தவர்களுக்குக் கைக்குக் கிடைத்த ஆள் பெண். கடுகடு மூஞ்சிக் கிழவி, கோடாலிக்காரி, யாருக்கும் வாழ்க்கைப்படாதவள் என்று வரைந்து தள்ளினார்கள். கிர்பி அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆணை வரைந்தார். அதிகாரம் எங்கே இருந்ததோ அங்கே அடித்தார்.

அதிகாரம் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது. சலூன் எதிர்ப்பு லீக் (அங்கே சலூன் என்றால் மதுக்கடை) 1893-ல் ஒஹையோவில் தொடங்கியது. அதன் வக்கீல் வேய்ன் வீலர். மதுவிலக்கை நடைமுறைப்படுத்த, வோல்ஸ்டெட் சட்டம் என்று மின்னசோட்டா உறுப்பினர் பெயரில் வந்த சட்டத்தின் வாசகத்தில் பெரும்பகுதி வீலர் கை வைத்தது என்பார்கள். ஒரு தொகுதியில் இரண்டு பக்கமும் சம பலம் இருந்தால் லீக் கையிலிருக்கும் ஓட்டு யார் பக்கம் சாய்கிறதோ அவன் ஜெயிப்பான். வேட்பாளன் வீட்டில் குடிக்கிறானா என்று லீக் கேட்காது, சபையில் எப்படி ஓட்டுப் போடுவான் என்று மட்டும் கேட்கும். ஹார்டிங் மாதிரி ஆட்கள் உருவான இடம் இது. வெஸ்டர்வில் என்ற சின்ன ஊரில் சொந்த அச்சகம் வைத்து நாடு முழுக்கத் துண்டறிக்கையும் படங்களும் அனுப்பினார்கள். கார்ட்டூனை முதலில் பெரிய அளவில் ஆயுதமாக்கியது டிரை பக்கம்தான், வெட் பக்கம் அல்ல.

ஆக, மிஸ்டர் டிரையில் எனக்கு இரண்டு மனசு. பெண்ணைக் கேலிப்பொருளாக்காமல் விட்டதற்கு நன்றி சொல்கிறேன். கேலிப்பொருளாக இல்லை என்றால் படத்திலேயே இல்லை என்று ஆக்கிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரி 22

டிரை பக்கத்துப் படங்கள் எல்லாம் அழுத பெண்ணும் குழந்தையும் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அசிங்கமான பக்கமும் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் பீர் ஆலைக்காரர்களின் ஜெர்மன் பெயர்கள் கையில் கிடைத்தன: பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ், மில்லர். பீர் குடிப்பவன் ஜெர்மன் மன்னருக்கு உதவுகிறான் என்று பேசினார்கள், வரைந்தார்கள். அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த ஏழைக் கத்தோலிக்கர்களை மதுக்கடையோடு சேர்த்து ஒரே சேறாகப் பூசினார்கள். இருபதுகளில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் மதுவிலக்குக் காவலனாகத் திரிந்தது. மதுவின் பெயரால் வேறு வெறுப்புகள் உள்ளே வந்தன. மதுவிலக்கை மனசார விரும்புகிற நாம் இதை மறைக்கக் கூடாது.

பிப்ரவரி 24

ஒரு விஷயம் விட்டுப்போனது, அது சாதாரண விஷயம் அல்ல.

சட்டம் வந்த பிறகும் தொழிற்சாலைகளுக்கு ஆல்கஹால் வேண்டும். அதைக் குடிக்க முடியாதபடி மெத்தனால் போன்றவற்றைக் கலக்க வேண்டும் என்று அரசு விதித்தது. கள்ளச்சரக்குக்காரர்கள் அதைத் திருடி, சுத்தப்படுத்தியதாகச் சொல்லி விற்றார்கள். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகள் நிரம்பின, பலர் செத்தார்கள். நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்ல்ஸ் நாரிஸ், குடிப்பார்கள் என்று தெரிந்தே அரசு விஷம் கலக்கிறது, இந்தச் சாவுகளுக்கு அரசும் தார்மீகப் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். பணக்காரன் கனடாவிலிருந்து வந்த நல்ல விஸ்கியை வாங்கிக் குடித்தான், சாவது மலிவுச் சரக்கு குடித்த ஏழை என்பதையும் சுட்டிக்காட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் விஷத்தின் அளவைக் கூட்டினார்கள்.

எலும்புக்கூட்டைச் சரக்கு ஊற்றுகிறவனாக வரைவது டிரை பக்கத்தின் பழைய வழக்கம். 1829-லேயே குரூக்ஷாங்க் ஜின் கடைக்குள் மரணத்தை நிறுத்தியிருக்கிறார். 1926-க்கு அப்புறம் அந்த எலும்புக்கூடு யாருடைய ஆள் என்று சொல்லவே முடியாமல் போனது.

நம் ஊரில் மெத்தனால் சாவு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இங்கே அரசு கலக்கவில்லை, மதுவிலக்கும் இல்லை, கடை திறந்துதான் இருந்தது. செத்தவர்கள் யார் என்று பார்த்தால் நாரிஸ் சொன்ன அதே ஆட்கள்: கூலி வாங்கி, கிடைப்பதில் மலிவானதைக் குடித்தவர்கள்.

பிப்ரவரி 24, இரவு

மருந்துச் சீட்டு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அமெரிக்க மதுவிலக்குக் காலத்திலும் டாக்டர் எழுதிக்கொடுத்தால் விஸ்கி வாங்கலாம். பத்து நாளைக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் கீழே. தேவாலய வைனுக்கும் விலக்கு. வீட்டில் முன்பே வாங்கி வைத்ததைக் குடிப்பதும் குற்றமில்லை, தயாரிப்பதும் விற்பதும் கொண்டுபோவதும்தான் குற்றம். நிலவறை உள்ளவன் நிரப்பிக்கொண்டான்.

பிப்ரவரி 27

இந்த இழையில் நான் எழுத ஆசைப்பட்ட படம் இனிமேல்தான் வருகிறது.

1929-ல் பாலின் சாபின் என்ற பணக்காரப் பெண்மணி மதுவிலக்கை நீக்கக் கோரும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். முதலில் மதுவிலக்கை ஆதரித்தவர். பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பினார். சட்டத்தை மீறுவதே நாகரிகமாகிவிட்ட ஊரில் பிள்ளைகள் எதைக் கற்கின்றன என்று பார்த்து மனசு மாறினார். சில வருஷத்தில் அந்த அமைப்பில் லட்சக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள்.

அவர்கள் ஒட்டிய சுவரொட்டிகளில் ஒன்றைப் பாருங்கள். ஒரு தாய், அவளை ஒட்டிக் குழந்தைகள். இவர்களுடைய பாதுகாப்புக்காக மதுவிலக்கை நீக்க ஓட்டுப் போடுங்கள் என்கிறது. எண்பது வருஷத்துக்கு மேல் டிரை பக்கத்தின் சொத்தாக இருந்த படம் அது! 1846-ல் வளைவுக்கடியில் அழுத பெண் எழுந்து நடந்து மறுபக்கம் போய் நின்றுவிட்டாள். மதுவால் வீடு போகிறது என்று சொன்ன அதே உருவம், மதுவிலக்கால் வீடு போகிறது என்கிறது.

மிஸ்டர் டிரை சிரிப்பைப் பறித்துக்கொண்டார். ஆனால் சிரிப்பு மட்டும் போதவில்லை. மதுவிலக்கு எதிர்ப்பாளர்கள் அந்தத் தாயையும் குழந்தையையும் தங்கள் படத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் அரசியல்வாதிகளுக்குத் துணிச்சல் வந்தது. 1932-ல் ஜனநாயகக் கட்சி நீக்குவோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதியது. 1933 டிசம்பர் 5-ல் 36-வது மாநிலமாக யூட்டா ஒப்புதல் கொடுத்து, மதுவிலக்கை நீக்கும் 21-வது திருத்தம் வந்து, கதை முடிந்தது.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இப்போது இப்படி: கார்ட்டூன் காலி பண்ணவில்லை. கார்ட்டூன் துரத்திவிட்ட ஒருத்தியை மறுபடி கூட்டிவந்த சுவரொட்டிக்கு அதைவிடப் பங்கு அதிகம்.

பிப்ரவரி 28

"அப்போ அந்தப் பெண்ணைப் படத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாமா? அவள் என்ன சொல்கிறாள் என்று எவனாவது கேட்டானா?" என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அம்மா, நான் இத்தனை நீளம் எழுதியதை இரண்டு வரியில் கேட்டுவிட்டீர்கள். 1846-ல் வரைந்தவர்களும் கேட்கவில்லை, 1932-ல் ஒட்டியவர்களில் பலர் வேலைக்காரர்கள் வைத்திருந்த வீட்டுப் பெண்கள், அவர்களும் கூலிக்காரன் மனைவியைக் கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். என் முதல் சார்ட்டும் யாரையும் கேட்டுப் போட்டதல்ல.

மிச்சிகனில் 1928-ல் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்திக்குச் சில்லறையாக ஜின் விற்ற குற்றத்துக்காக ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான சட்டத்தில் மாட்டிக்கொண்டாள். அந்தத் தீர்ப்பு நாடு முழுக்கக் கொதிப்பைக் கிளப்பியது, பிறகு தண்டனையைக் குறைத்தார்கள். அவளும் தாய்தான். இரண்டு தரப்புச் சுவரொட்டிகளிலும் சாந்தமாக நிற்கும் தாய் அவள் மாதிரி இருக்க மாட்டாள்.

மார்ச் 2

சின்ன விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. கரியர் 1848-ல் வெளியிட்ட படம் ஒன்றில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படை அதிகாரிகளிடம் விடைபெறுகிறார், கையில் வைன் கிளாஸ், மேசையில் புட்டி. 1876-ல் அதே அச்சகம் அந்தப் படத்தை மறுபடி போட்டபோது கையில் கிளாஸ் இல்லை, புட்டி இருந்த இடத்தில் தொப்பி இருக்கிறது. கல்லைச் சுரண்டித் திருத்தினார்களோ புதிதாக வரைந்தார்களோ, வாஷிங்டன் மதுவை நிறுத்திவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளாஸ் போன பிறகு அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நெஞ்சருகே சும்மா நிற்கிறது.

மார்ச் 3

ராஜாஜி தொடர்பு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இங்கே அதைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். புஸ்ஸிஃபுட் ஜான்சன் என்ற சலூன் எதிர்ப்பு லீக் பிரச்சாரகர் 1919-ல் லண்டனில் மாணவர் கூட்டத்திடம் சிக்கி ஒரு கண்ணை இழந்தார். அதற்கப்புறம் இருபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து பேசிவிட்டுப் போனார். 1929-ல் திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே தமிழில் ஒரு மாத இதழ் தொடங்கினார், கல்கி அதில் உதவியாசிரியர். அமெரிக்காவில் சாபின் அமைப்பு தொடங்கிய அதே வருஷம். 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். அமெரிக்காவில் வரி வேண்டும் என்று மதுவிலக்கை எடுத்தார்கள், இவர் மதுவிலக்குக்காக வரியைத் தேடினார்.

'விமோசனம்' பத்து இதழோடு நின்றுவிட்டது. அதன் பக்கங்களை நான் நேரில் புரட்டியதில்லை. யாரிடமாவது இருந்தால், அல்லது எந்த நூலகத்தில் பார்க்கலாம் என்று தெரிந்தால், இங்கே எழுதுங்கள். அதில் படங்கள் வந்திருந்தால் முக்கியமாகச் சொல்லுங்கள். குடிகாரனை வரைந்தார்களா, அவன் வீட்டை வரைந்தார்களா என்று பார்க்க வேண்டும்.